மறுத்த மதிப்பெண்

ஜூலை மாதம் போலோஞாவில் வாய்மொழித் தேர்வு நடத்த வேண்டுமென்றால் ஏதோ பாவம் செய்திருக்க வேண்டும். நான் பதினாறு வருடங்களாக நடத்துகிறேன். எவ்வளவு பாவம் என்று நீங்களே யோசித்துக்கொள்ளுங்கள். மூன்றாம் மாடி, கிழக்குப் பார்த்த ஜன்னல்கள், ஒரே ஒரு மின்விசிறி. அதுவும் என் பக்கம் திரும்பும்போதுதான் கிறீச்சிடும்.

பாடத்தின் பெயர் ‘இத்தாலியப் பண்பாடும் அடையாளமும்’. கேட்பதற்குக் கம்பீரமாகத்தான் இருக்கிறது. இத்தாலியன் என்றால் யார், எப்போதிலிருந்து, எதனால் என்று ஒரு பருவம் முழுக்கத் தொண்டை வறளப் பேச வேண்டும். பிறகு ஒவ்வொருவரையும் எதிரே உட்கார வைத்து நான் சொன்னதையே என்னிடம் திருப்பிச் சொல்லச் சொல்ல வேண்டும். அன்று காலையில் வந்த அத்தனை பேரும் அம்மா, ஞாயிற்றுக்கிழமைச் சாப்பாடு, கால்பந்து என்றே ஆரம்பித்தார்கள். யாரையும் குறை சொல்லவில்லை. எனக்கே அதற்கு மேல் என்ன இருக்கிறது என்று இப்போதெல்லாம் சந்தேகம் வருகிறது. நான் நிரந்தர வேலையில் இருப்பவள் இல்லை, வருடா வருடம் ஒப்பந்தத்தைப் புதுப்பிக்கும் ரகம். என் சொந்த அடையாளமே ஒவ்வொரு செப்டம்பரிலும் காலாவதியாகிவிடும்.

எங்கள் மாடியில் காபி இயந்திரம் செத்துப்போய் ஒரு வாரம் ஆகியிருந்தது. வெளியே காத்திருந்த மாணவர்களிடம் கால் மணி நேரம் கேட்டுக்கொண்டு, வீங்கிய காலை இழுத்துக்கொண்டு தரைத்தளத்துக்கு இறங்கினேன். இறங்கியிருக்கக் கூடாது. அன்று அங்கே பட்டமளிப்பு.

பட்டமளிப்பு நாளில் தரைத்தளம் கல்யாண வீடுதான். அத்தைகள், விசிறிகள், பூங்கொத்துகள், அழுகிற குழந்தைகள். வாசலுக்கு வெளியே வளைவு நடைபாதையில் புதிதாகப் பட்டம் வாங்கிய ஒருவனைச் சுற்றி நின்று நண்பர்கள் பட்டமளிப்புக்கென்றே உள்ள ஆபாசப் பாட்டு ஒன்றைப் பாடிக்கொண்டிருந்தார்கள், அவன் பாட்டியும் கைதட்டிக்கொண்டிருந்தாள். எல்லார் கையிலும், பட்டம் வாங்கியவர் தலையில் வைக்க லாரல் இலைக் கிரீடம். கறிக்கு வாசனைக்காகப் போடுகிற அதே பிரிஞ்சி இலைதான். வளைத்துக் கட்டிச் சிவப்பு நாடா சுற்றிவிட்டால் அதற்கொரு மரியாதை வந்துவிடுகிறது.

“மேடம், ஒரு நிமிஷம். நீங்க இங்க டீச்சருங்களா?”

கேட்டவர் கறுப்புக் கோட்டுப் போட்ட, கழுத்துப் பட்டை இறுகி முகம் சிவந்த மனிதர். பக்கத்தில் ஒரு அம்மாள், கையில் துணிப்பை. சற்றுத் தள்ளி ஒரு குண்டு ஆள் கேக் பெட்டியைத் திறந்து, ஈரத்துணியை விலக்கி, உள்ளேயிருந்த கிரீடத்தை எடுத்துத் தன் வழுக்கைத் தலையில் வைத்துப் பார்த்துக்கொண்டிருந்தார். அம்மாள் திரும்பி அவர் கையில் ஓங்கி ஒன்று வைத்தாள்.

“எடுடா அதை! பட்டம் வாங்கறதுக்கு முன்னாடி யார் தலையிலயும் ஏறக் கூடாது. ஆகாது.”

“என் தலைக்கு இதுக்கு அப்புறமும் வரப்போறதில்லையேக்கா.”

“அதான் தெரியுமே. எட்டாங்கிளாஸை ரெண்டு தடவை படிச்சவன்தானே நீ.”

கோட்டுக்காரர் அவர்களைக் கண்டுகொள்ளாமல் என்னிடம் பேசினார். பெயர் தொனாத்தோ. தெற்கே பசிலிக்காத்தா மலையில் ஓர் ஊர், அங்கே நகராட்சியில் போக்குவரத்துக் காவலர். இது மனைவி ஃபிலோமெனா, அது மச்சான் கானியோ. விடிவதற்கு முன்பே காரில் கிளம்பி வந்திருக்கிறார்கள்.

“எம் பையன் இன்னிக்கு டாக்டர் ஆகறான் மேடம். பதினோரு மணிக்குக் கீழ நில்லுங்க, நானே வந்து கூப்பிடறேன்னான். கதவுல ஒட்டியிருக்கற தாள்ல பேரைக் காணோம். விட்டுப்போச்சு போல. எங்க நகராட்சியிலயும் இப்படித்தான், செத்தவன் பேரு இருக்கும், இருக்கறவன் பேரு இருக்காது.”

எங்கள் நாட்டில் பட்டம் வாங்கிய எவரும் டாக்டர்தான். மருந்து எழுதத் தெரிய வேண்டியதில்லை. நான் அலுப்போடு சிரித்துவைத்துவிட்டு, பையன் பெயரைக் கேட்டேன்.

“ரோக்கோ. ரோக்கோ லவியோலா.”

காபி ஆசை அப்போதே போய்விட்டது.

ரோக்கோவை எனக்குத் தெரியும். அதற்கு அவன் என் தேர்விலிருந்து எழுந்து போன விதம்தான் காரணம். இங்கே ஒவ்வொரு பாடத்துக்கும் மதிப்பெண் முப்பதுக்கு, கடைசியில் பட்டத்துக்கு நூற்றுப்பத்துக்கு. பாடத்தில் பதினெட்டு எடுத்தால் தேர்ச்சி. ஆசிரியர் எண்ணைச் சொல்லிவிட்டு, “ஏற்றுக்கொள்கிறாயா?” என்று கேட்க வேண்டும். பிடிக்கவில்லையென்றால் மாணவன், “ஏத்துக்கல, அடுத்த தடவை வரேன்” என்று சொல்லிவிட்டுப் போகலாம். அந்தத் தேர்வு நடக்காததாகவே ஆகிவிடும். ரொம்ப கௌரவமான ஏற்பாடு. இந்தக் கௌரவத்தால் வீணாய்ப் போனவர்கள் கொஞ்சம் பேர் இல்லை. ரோக்கோவுக்கு நான் முதல் தடவை இருபத்து நான்கு கொடுத்தேன். மறுத்தான். அடுத்தது இருபத்தாறு. மறுத்தான். மூன்றாவது இருபத்தைந்து. “வீட்ல முப்பதுதான் எதிர்பார்ப்பாங்க மேடம்” என்று அதையும் மறுத்துவிட்டுப் போனான். அதற்குப் பிறகு ஒவ்வொரு தேர்வுக்கும் பெயர் பதிவு செய்வான், வரமாட்டான். இரண்டு வருடமாக இதே கதை. என் பாடத்தில் தேறாமல் எங்கள் துறையில் யாரும் பட்டம் வாங்க முடியாது. ஆகவே அன்று ரோக்கோவுக்குப் பட்டமளிப்பு என்பது நடக்கவே முடியாத காரியம்.

“நீங்க ஏதாவது சாப்ட்டீங்களா?” ஃபிலோமெனா என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். துணிப்பையிலிருந்து ரொட்டிக்கு நடுவே முட்டை அடை வைத்த பொட்டலம் ஒன்றை எடுத்து என் கையில் திணித்தாள். “மூஞ்சி வாடிக் கெடக்கு. சாப்பிடுங்க.”

“பையன் எங்க இருக்கான்னு தெரியுமா?” என்றேன்.

“உள்ள பெரிய புரொஃபசருங்க கூட இருப்பேன்னு நேத்து சொன்னான்” என்றார் தொனாத்தோ. “காலையிலேர்ந்து போன் எடுக்க மாட்டேங்கறான். பதட்டமா இருக்கும்ல?”

இந்த வேலையில் இருக்கிற எல்லாருக்கும் ஒரு பயம் உண்டு. வீட்டில் எல்லாத் தேர்வும் முடிந்துவிட்டது என்று சொல்லி, ஆய்வேட்டுக்குத் தலைப்புச் சொல்லி, பட்டமளிப்புக்குத் தேதியும் சொல்லிவிட்டு, அந்தத் தேதி வந்து நிற்கும்போது என்ன செய்வதென்று தெரியாமல் உயிரை விட்ட பிள்ளைகளின் செய்தி அவ்வப்போது பத்திரிகையில் வரும். மறுநாள் நாங்கள் எல்லாரும் நடைக்கூடத்தில் ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்காமல் நடப்போம். “இங்கயே இருங்க, பாத்துட்டு வரேன்” என்று சொல்லிவிட்டு நகர்ந்தேன். எங்கே பார்ப்பது என்று எனக்கே தெரியவில்லை. நூலகத்தில் பார்த்தேன். உள்முற்றத்தில் பார்த்தேன். கழிப்பறை வாசலில் நின்று பெயர் சொல்லிக் கூப்பிட்டேன், வேறு யாரோ இருமினார்கள். போலீசுக்குச் சொல்லலாம் என்றால் கைபேசி மேலே மேசையில் கிடந்தது. அதை எடுக்கப் படியேறினேன்.

தேர்வறைக்கு வெளியே பெஞ்சியின் கடைசியில் அவன் உட்கார்ந்திருந்தான்.

நீலக் கோட்டு, சிவப்புக் கழுத்துப்பட்டை, காலைக் கடிக்கிற புது ஷூ. அரைக்கால் சட்டையும் பனியனுமாக வியர்த்து உட்கார்ந்திருந்த பிள்ளைகளுக்கு நடுவே மாப்பிள்ளை மாதிரி இருந்தான். அவன் உயிரோடு இருப்பதைப் பார்த்ததும் எனக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது. அடுத்த நொடியே அவன் கன்னத்தில் ஓங்கி ஒன்று விட வேண்டும் போலவும் இருந்தது.

“வணக்கம் மேடம்” என்று எழுந்தான். “என் பேரு ஞாபகம் இருக்குமான்னு தெரியல.”

“மூணு தடவை வேண்டாம்னு சொன்னவனை மறப்பேனா? கீழ உங்க வீட்ல எல்லாரும் நிக்கறாங்க.”

“தெரியும் மேடம். பின்பக்கப் படி வழியா வந்தேன்.”

“காலையிலேர்ந்து எங்க இருந்தே?”

“ஸ்டேஷன்ல.”

“எந்த வண்டிக்கு?”

“எந்த வண்டிக்கும் இல்ல. சும்மா நின்னுட்டிருந்தேன்.”

அதற்கு மேல் நான் கேட்கவில்லை. கையிலிருந்த முட்டை ரொட்டியை அவனிடம் கொடுத்தேன். பொட்டலத்தின் துணியைப் பார்த்ததுமே யார் கொடுத்தது என்று அவனுக்குத் தெரிந்துவிட்டது. நின்றபடியே தின்றான். வரிசையில் அடுத்து இருந்த பெண்ணிடம் கொஞ்சம் பொறுக்கச் சொல்லிவிட்டு அவனை உள்ளே கூட்டிக்கொண்டு போனேன். நியாயமாக அவனை முதலில் கீழே அனுப்பியிருக்க வேண்டும். ஆனால் பெயர் பதிவு செய்திருந்தான், தேர்வுக்கு வந்திருந்தான், அவனைத் தேர்வு நடத்தாமல் அனுப்ப எனக்கு உரிமை இல்லை. அதோடு அந்த நேரத்தில் எனக்குத் தெரிந்த வேலையும் அது ஒன்றுதான்.

என் பாடத்தில் ஒரு பகுதி இருக்கிறது. பெல்லா ஃபிகூரா என்போம், நாலு பேர் முன்னால் குறையில்லாமல் தெரிவது. அதைக் கேட்கலாமா என்று ஒரு கெட்ட புத்தி வந்தது. கேட்கவில்லை. ஊர்ப்பற்றைக் கேட்டேன். இத்தாலியனுக்கு நாடு என்பது தன் ஊர் மணிக்கூண்டு கண்ணுக்குத் தெரிகிற தூரம் வரைதான் என்பார்கள், அதைப் பற்றிச் சொல்லச் சொன்னேன்.

முதலில் புத்தகத்தில் இருப்பதைச் சொன்னான். வருடங்களைத் தப்பாகச் சொன்னான். ரோமாபுரி தலைநகரான கதையில் இரண்டு இடத்தில் வழுக்கினான். எனக்குக் கண் சொக்கிக்கொண்டு வந்தது. பிறகு அவன் நிறுத்திவிட்டு மேசையைப் பார்த்தபடி வேறு குரலில் பேச ஆரம்பித்தான்.

“எங்க ஊர் மணியும் எதிர் மலை ஊர் மணியும் ஒரே நேரத்துல அடிக்காது மேடம். அவங்க அடிச்சு ஓயற வரைக்கும் எங்க கோயில்காரர் கயித்தைப் பிடிச்சுட்டு நிப்பார். சேர்ந்து அடிச்சா எது யாருதுன்னு தெரியாம போயிடுமே. அதனால எங்க ஊர்ல மத்தியானம் எப்பவும் ரெண்டு நிமிஷம் லேட்டுதான்.”

“சரி.”

“போன வருஷம் அவங்க ஊர்ல ஒரு பொண்ணு டாக்டர் ஆச்சு. மணிக்கூண்டுலேர்ந்து பதாகை தொங்க விட்டாங்க. எங்க வீட்டு பால்கனியில நின்னா நேரா தெரியும். அப்பா வருஷம் முழுக்க அதைப் பாத்துட்டே காபி குடிச்சாரு. இப்ப எங்க மணிக்கூண்டுல அதை விடப் பெருசா ஒண்ணு கட்டியாச்சு. நேத்தே.”

“என்ன எழுதியிருக்கு?”

“டாக்டர் ரோக்கோவுக்கு ஊரே வாழ்த்துன்னு.”

மின்விசிறி என் பக்கம் திரும்பிக் கிறீச்சிட்டது. பதினாறு வருடத்தில் அந்தக் கேள்விக்கு யாரும் எனக்கு இப்படிப் பதில் சொன்னதில்லை. ஆனால் வருடங்கள் தப்பு, தலைநகர் தப்பு. நான் இரக்கப்பட்டுக் கூட்டிப் போட்டால் அதுவும் இன்னொரு பதாகை என்று தோன்றியது.

“இருபத்து மூணு” என்றேன். “முதல் தடவை நீ வேண்டாம்னதை விட ஒண்ணு கம்மி. ஏத்துக்கறியா?”

 கழுத்துப்பட்டையின் முடிச்சைத் தொட்டுப் பார்த்துக்கொண்டான்.

“ஏத்துக்கறேன் மேடம்.”

“இன்னும் எத்தனை பாக்கி?”

“ஆறு. அப்புறம் ஆய்வேடு.”

“அப்ப இன்னிக்கு எதுக்குடா வந்தே? இந்த இருபத்து மூணை வெச்சு என்ன பண்ணப் போறே?”

“கீழ போய் எல்லாத்தையும் சொல்லணும் மேடம். சொல்றப்ப ஒண்ணாவது நெஜமா இருக்கட்டுமேன்னு.” எழுந்தவன் கதவருகே போய் நின்றுவிட்டான். “என்கூட வர்றீங்களா? தனியா படி இறங்க முடியும்னு தோணல.”

வெளியே இன்னும் ஒரு கூட்டமே காத்திருந்தது. என் கால் இரண்டும் கல்லாய்க் கனத்தன. போகாமல் இருக்க எனக்கு ஆயிரம் காரணம் இருந்தது. போனேன்.

ரோக்கோ தலை தெரிந்ததுமே கானியோ மாமா வண்ணக் காகிதம் சிதறும் குழாயைத் திருகிவிட்டார். சிவப்பும் வெள்ளியுமாக எங்கள் மேலெல்லாம் கொட்டியது. “டாக்டரே! எங்க டாக்டரே!” என்று அவர் கத்த, முன்பின் தெரியாத நாலு பேர் கைதட்டினார்கள். தொனாத்தோ இரண்டு கையையும் விரித்துக்கொண்டு வந்தார்.

“எவ்வளவு? நூத்துப்பத்துக்கு எவ்வளவு போட்டாங்க?”

“முப்பதுக்கு இருபத்து மூணுப்பா.”

“என்னடா உளர்றே?”

“நான் இன்னிக்குப் பட்டம் வாங்கல. ஒரு பாடம் பாஸ் பண்ணினேன், இப்பத்தான். இன்னும் ஆறு இருக்கு. நான் சொன்னதெல்லாம் பொய். ரெண்டு வருஷமா பொய்.”

அவன் சத்தமாகச் சொல்லவில்லை, ஆனால் தெளிவாகச் சொன்னான். தொனாத்தோ மகனைப் பார்க்கவில்லை. முதலில் வலப்பக்கம் பார்த்தார், பிறகு இடப்பக்கம். யார் காதில் விழுந்தது என்று பார்த்தார். நான் வருடா வருடம் சொல்லிக்கொடுக்கிற பாடம்தான். வகுப்பில் அதைச் சொல்லும்போது எல்லாரும் சிரிப்பார்கள், நானும் சிரிப்பேன். அன்று அந்த மனிதரின் கழுத்து அப்படித் திரும்பியதைப் பார்க்க எனக்குச் சகிக்கவில்லை.

பிறகு அவர் கேக் பெட்டியிலிருந்து கிரீடத்தை எடுத்து மகன் தலையில் வைத்து அழுத்தினார்.

“வேண்டாங்க, ஆகாது!” என்றாள் ஃபிலோமெனா.

“சும்மா இரு. ஒரு போட்டோ எடுப்போம். ஞாயித்துக்கிழமை ஊரே விருந்துக்கு வருது. எதிர் ஊர்க்காரன் வரான், மேயர் வரார். போட்டோ மட்டும் போதும். மிச்சம் ஆறு எப்ப வேணா முடிக்கட்டும், யாருக்குத் தெரியப்போகுது? கானியோ, எடு. மேடம், நீங்க இந்தப் பக்கம் நில்லுங்க. புரொஃபசர் பக்கத்துல இருந்தா யாரும் கேள்வி கேக்க மாட்டாங்க. உங்களைக் கெஞ்சிக் கேக்கறேன்.”

கடைசி வார்த்தையில் அவர் குரல் உடைந்துபோனது. நான் நின்றேன். உண்மையைச் சொன்னால் என்ன, போய் நின்றேன், தலைமுடியில் ஒட்டியிருந்த காகிதத்தைக்கூடத் தட்டிவிட்டுக்கொண்டேன். எனக்கு அலுத்துப் போயிருந்தது. யாரோடும் எதற்கும் மல்லுக்கட்டத் தெம்பில்லை. ஒரு படம்தானே, எடுத்துவிட்டால் மேலே போய் உட்கார்ந்துவிடலாம்.

கானியோ மாமா கைபேசியைத் தூக்கினார். ரோக்கோ இரண்டு கையாலும் கிரீடத்தைத் தலையிலிருந்து எடுத்தான். அப்பாவிடம் நீட்டினான்.

“ஏத்துக்கல” என்றான். “அடுத்த தடவை வரேன்.”

அவன் வீட்டாருக்கு அது என்ன பேச்சு என்று புரிந்திருக்காது. எனக்குப் புரிந்தது. மூன்று தடவை என் மேசைக்கு எதிரே உட்கார்ந்து அவன் சொன்ன அதே வார்த்தைகள்தான். அவற்றைச் சரியான இடத்தில் சொல்ல அவனுக்கு இத்தனை நாள் ஆகியிருக்கிறது. நான் அவன் பக்கத்திலிருந்து மெதுவாக விலகி நின்றுகொண்டேன்.

தொனாத்தோ கிரீடத்தை வாங்கவில்லை. அது அப்படியே நடுவில் நின்றது. ஃபிலோமெனாதான் வாங்கினாள். கண்ணைத் துடைத்துக்கொண்டாள், இலையை முகர்ந்து பார்த்தாள், சிவப்பு நாடாவை உருவிப் பைக்குள் போட்டுக்கொண்டாள்.

“நல்ல இலைதான். ஞாயித்துக்கிழமை முயல் கறிக்கு ஆகும்.” மகனைப் பார்த்தாள். “ஏண்டா, ரெண்டு வருஷமா ஒழுங்கா சாப்பிட்டியா இல்லையா நீ? அதையாவது உண்மையா சொல்லு.”

“சாப்டேன்மா” என்று சொல்லிவிட்டு ரோக்கோ அழ ஆரம்பித்தான். கானியோ மாமா கைபேசியைக் கீழே இறக்கி அவன் தோளில் கைபோட்டார்.

“அழாதடா. எட்டாங்கிளாஸ் எனக்கு ரெண்டாவது தடவைதான் புரிஞ்சுது” என்றார்.

தொனாத்தோ எங்களுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு தூணோரம் போய்விட்டார். கழுத்துப் பட்டையைத் தளர்த்தினார். வெளியே மறுபடியும் யாரோ ஒரு புது டாக்டருக்கு அந்தப் பாட்டை ஆரம்பித்திருந்தார்கள். அந்தச் சத்தத்தில் அவர் கைபேசியில் பேசியது எனக்கு அரைகுறையாகத்தான் கேட்டது. ஊரில் மணிக்கூண்டுக்குப் பொறுப்பான ஆளிடம் பேசிக்கொண்டிருந்தார்.

“மினிக்கோ, அந்தத் துணியை இறக்கிடு... ஆமா, இப்பவே... யார் கேட்டாலும் நான் இறக்கச் சொன்னேன்னு சொல்லு. பையன் இன்னும் முடிக்கலன்னு சொல்லு... ஆமாண்டா, முடிக்கல. அப்படியே சொல்லு.”

கொஞ்ச நேரம் எதிர்ப்பக்கம் பேசுவதைக் கேட்டுக்கொண்டிருந்தார். பிறகு திடீரென்று, நாற்சந்தியில் நின்று வண்டிகளை நிறுத்துகிற குரலில் கத்தினார்.

“டேய், டேய், கிழிச்சிடாத! மடிச்சு வை.”